பாதிச் சோறும் கள்ளிப் பொரியலும்

அவள் முதல்முறை கையை வீசியபோது ஈயைத்தான் விரட்டுகிறாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை மதியம், நாசி கண்டார் கடை, நடைபாதை வரைக்கும் மேசைகள். ஈ இருந்தால் ஆச்சரியமில்லை. தட்டுக்கு மேலே இடது கையை ஒருமுறை விசிறினாள். பிறகு மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன், அவள் தட்டைப் பார்த்தேன். ஈ எதுவும் இல்லை. நானும் சாப்பாட்டில் இறங்கிவிட்டேன்.

அவள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இந்த மலாய்த் தீவில், பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். அவள் மெக்சிகோவிலிருந்து வந்த பொறியாளர். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு உற்பத்தி வரிசையை இங்கே கொண்டுவந்து பொருத்தி ஓடவிடுவதற்காக நிர்வாகம் அவளை அனுப்பியிருந்தது. வயது என்னை ஒத்தது, ஐம்பதைத் தொட்டுக்கொண்டு. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, ஊரில் ஒரு தங்கை மட்டும். நல்ல உருண்டையான உடம்பு. அவள் சிரித்தால் கேண்டீனின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். லைனில் இருக்கிற பெண்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். அர்த்தம் தெரிந்த பிறகும் மாற்றவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் அந்தப் பேச்சு என் நினைவில் இருப்பதென்னவோ தமிழில்தான்.

கேண்டீனில்தான் பழக்கம் ஆரம்பித்தது. பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோயிருந்த ஓட்ஸ் கஞ்சியை நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, உன்னை யார் தண்டிச்சது?"

"சுகர்," என்றேன்.

அவள் தன் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். என்னுடைய அதே மாத்திரை, வேறு கம்பெனி. தன் அம்மாவுக்கும் இருந்தது என்றாள். கடைசிக் காலத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஆனால் உடனே என் டப்பாவை விரலால் தள்ளிவிட்டு, "எங்க ஊர் டாக்டரும் இதையேதான் சாப்பிடச் சொன்னார். ஓட்ஸ், இலை, அவிச்ச கோழி. எங்க அம்மா சமைச்சதெல்லாம் விஷமா? உங்க சாப்பாடெல்லாம் விஷமா?" என்றாள்.

அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. ஒரு வாரம் நான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய் நம் சாப்பாட்டைக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் அவள் தன் வீட்டில் அவள் ஊர்ச் சமையலைச் செய்து போடுவாள். நமக்குப் பிடித்ததையே சாப்பிடுவது, ஆனால் உடம்புக்கு ஏற்ற மாதிரி சாப்பிடுவது என்பது ஏற்பாடு.

நாசி கண்டார் கடையில் முதலில் கொஞ்சம் சிரமப்பட்டோம். அங்கே சோற்றைக் குவித்து நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றி வெள்ளக்காடாக்கித் தருவதுதான் வழக்கம். நான் பாதிச் சோறு கேட்டேன். குழம்பு ஒரு கரண்டி போதும், வெண்டைக்காயும் பாகற்காயும் நிறைய வையுங்கள், கோழி பொரித்தது வேண்டாம், மீன் கறி கொடுங்கள் என்றேன். கடைக்காரருக்கு அது அவமானமாகவே இருந்தது.

"என்னாக்கா இது, வெளிநாட்டுக்காரங்களக் கூட்டிட்டு வந்துட்டு பாதிச் சோறா? நம்ம கடைக்கு மானம் போயிரும்லா."

"சுகர் அண்ணே, ரெண்டு பேருக்கும்."

"அப்ப தே தாரிக்?"

"தே ஓ கோசோங்," என்றாள் அவள் முந்திக்கொண்டு. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். மலாயில் அவள் முதலில் கற்றுக்கொண்ட சொற்கள் அவைதான். கடைக்காரர் சிரித்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் படியேறுவதைப் பார்த்தாலே வெண்டைக்காயை அள்ள ஆரம்பித்துவிடுவார். முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு என்று சாப்பிடுவோம். அப்படிச் சாப்பிட்டால் அந்தப் பாதிச் சோறே மிஞ்சிப்போகும்.

அவள் வீட்டுச் சமையல் எனக்குப் பெரிய ஆச்சரியம். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, தோலைக் கசக்கிக் கழுவி, மாவாக அரைத்து மெல்லிய ரொட்டி தட்டுவாள். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை லிட்டில் இந்தியாவில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கறுப்பு அவரை விதையை வெங்காயம் போட்டு வேகவைப்பாள். பன்றிக் கொழுப்பில் தாளிப்பதுதான் அவள் ஊர் வழக்கம், அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் சப்பாத்திக் கள்ளி கிடைக்குமா என்று கேட்டாள். என் கணவர் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே ஒரு வீட்டு வாசலில் பெரிய தொட்டியில் அது வளர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கேட்டு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தார்.

"கள்ளியயா திங்கப் போறீங்க ரெண்டு பேரும்? ஆஸ்பத்திரி நம்பர எடுத்து வச்சுக்கிறேன் லா," என்றார்.

அவள் முள்ளைக் கத்தியால் சீவி, பட்டை பட்டையாக நறுக்கி, தக்காளியும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினாள். வெண்டைக்காய் போலவே வழவழப்பு, லேசான புளிப்பு. என் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

என் சர்க்கரை இறங்கியது. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற கருவியில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவளும் இளைத்தாள். தொழிற்சாலையில் எல்லாரும் பாராட்டினார்கள். "வா, ஸ்லிம் ஆயிட்டீங்களே லா," என்று பெண்கள் அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். எனக்கும் பெருமைதான்.

ஆனால் அவள் நிறுத்தவில்லை, இளைத்துக்கொண்டே போனாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வெளியே வந்தது. சட்டை தோளிலிருந்து வழுகியது. எந்தக் கூட்டத்திலும் அவள் முன்னால் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும், கூட்டம் முடிவதற்குள் காலியாகிவிடும். கேட்டால், இந்த ஊர் வெயில் என்பாள். கிளினிக்குக்குப் போனாயா என்று கேட்டால், "நான்தான் ஒழுங்கா சாப்பிடறேனே அக்கா, உன் கண்ணால பார்க்கறியே," என்பாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் தட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அந்த நாட்களில்தான் என் காலில் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்து துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இங்க பாரு, நீ நடக்கறப்ப ஏதோ சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"டிக்கு டிக்குன்னு. கொஞ்சம் நட பாப்போம்."

நடந்தேன். எனக்கும் கேட்டது. டைல்ஸ் தரையில் ஏதோ உலோகம் தட்டுகிற சத்தம், என் ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்று. அவர் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்து வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் ஒரு குண்டூசி ஆணி, நாட்காட்டியைச் சுவரில் குத்தி வைக்கிற வட்டத் தலை ஆணி, தலை மட்டும் வெளியே தெரிய முழுதாக இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பிடுங்கியபோதும் வலிக்கவில்லை. இரத்தம் மட்டும் வந்தது. வேறு யாருடைய காலிலிருந்தோ வருவதுபோல நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர், நம்மவர்தான், என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"இங்க தெரியுதா ஆன்ட்டி?"

"ம்."

"இங்க?"

நான் காத்திருந்தேன். "இன்னும் தொடலியே," என்றேன்.

அவர் நூலை எடுக்காமலே, "தொட்டுட்டுத்தான் இருக்கேன் ஆன்ட்டி," என்றார்.

சர்க்கரை இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய வருடங்களின் சேதம் நரம்பில் தங்கிவிட்டது என்று விளக்கினார். செத்துப்போன நரம்பு சாப்பாட்டால் திரும்பி வராது. மாத்திரையை விடக்கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு. அதே வாரம் கண்ணையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். கண் தப்பித்திருந்தது. ஆனாலும் எச்சரித்து அனுப்பினார்: "கண்ணுக்குள்ள புகை மாதிரி, நூலாம்படை மாதிரி ஏதாச்சும் மிதந்தா அன்னைக்கே வந்துடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க."

நான் போய் அவளிடம் ஆணிக் கதையைச் சொன்னேன். என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அம்மாவின் கால் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நீயும் வா, இந்த வாரமே போகலாம்," என்றேன். லைன் ஓட ஆரம்பிக்கட்டும், அதன் பிறகு வருகிறேன் என்றாள். லைன் ஓட ஆரம்பித்தது. தரச் சோதனை முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைதான் நாசி கண்டார் கடையில் அவள் ஈயை விரட்டியது.

அடுத்த சனிக்கிழமை அவள் பிறந்தநாள். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டைப் புதுப்பித்து அவள் நாட்டுச் சமையல் போடுகிற உணவகம் ஒன்று திறந்திருந்தார்கள். பல மாதங்களாக அங்கே போக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். என் கணவரையும் அழைத்திருந்தாள். சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு போகக் காரில் போனோம். நான் மட்டும் மேலே ஏறினேன். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வீடு சுத்தமாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று காதணி மாட்டிக்கொண்டிருந்தவள் கையை எடுத்து முகத்துக்கு முன்னால் வீசினாள். மறுபடியும் வீசினாள்.

"என்ன?" என்றேன்.

"ஈ. ஒரு வாரமா விடமாட்டேங்குது. வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"ஆபீசிலயும் இருக்கா?"

"அங்கயும்தான்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் கேக்கற?"

அந்த அறையில் ஈ இல்லை. அவள் கண் ஒரு பக்கமாக நகர்ந்தது, எதையோ தொடர்ந்து போவதுபோல. பிறகு நின்றது. நான் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"திங்கட்கிழமை காலையில, சத்தியமா. இன்னைக்கு என் பிறந்தநாள் அக்கா. ஒருவேளைச் சோறு சாப்பிட விடு."

காரில் ஏறியதும் கண் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அவசரப் பிரிவு திறந்திருக்கும், வரலாம் என்றார்கள். அவள் பின் இருக்கையிலிருந்து, சாப்பிட்டு முடித்ததும் நேராக அங்கேயே போகலாம், சரிதானே என்று சமாதானம் சொன்னாள். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டி உணவகத்துக்குத்தான் போயிற்று.

அங்கே அவள் ராணி மாதிரி இருந்தாள். பரிமாற வந்த பையனிடம் அவள் மொழியில் பேச முயன்று, அவன் நேப்பாளி என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்களுக்கும் சேர்த்து அவளே சொன்னாள்: சுட்ட மீன், கறுப்பு அவரை, சோள ரொட்டி, கள்ளிப் பொரியல். சர்க்கரை போட்ட பானம் வேண்டாம், எலுமிச்சை பிழிந்த சோடா. இனிப்பு ஒன்றே ஒன்று, மூன்று கரண்டி. மிளகாயும் கொக்கோவும் எள்ளும் அரைத்துச் சேர்த்த கறுப்புக் குழம்பு ஒன்றும் சிறு கிண்ணத்தில் வந்தது. கல்யாணத்துக்குக் கல்யாணம் அவள் வீட்டில் அதைக் கிண்டுவார்களாம். ரொட்டியில் தொட்டு என் கணவருக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

"நம்ம கறிக்கொழம்பு மாதிரி இருக்கு, ஆனா இல்ல," என்றார் அவர்.

அவள் அதற்கும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, விளக்க யாராவது குறைச்சாங்களா?"

விளக்குகள் அப்படியேதான் எரிந்தன. அவள் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். எடுத்தாள். வலது கண்ணை மூடினாள். கையை எடுக்கவில்லை.

"உன் முகத்து மேல மை ஒழுகுது," என்றாள் மெதுவாக. "மேலேருந்து கீழ வருது."

நான் அவள் கையைப் பிடித்தேன். என் கணவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து காரை எடுக்கப் போனார். இனிப்பு அப்போதுதான் மேசைக்கு வந்தது, அதன் மேல் ஒரு சிறு மெழுகுவத்தி. பையன் அதை வைத்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தான். எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில், கண்ணுக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். விழித்திரையில் கண்டபடி முளைத்திருந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் வெடித்திருந்தன. இரத்தத்தில் சர்க்கரை பார்த்த நர்ஸ், எண் அவ்வளவு ஏறியிருந்ததால் கருவி கெட்டுப்போய்விட்டதென்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதையேதான் காட்டியது. டாக்டர் அவளிடம் என்ன மாத்திரை எடுக்கிறாய் என்று கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்தது தீர்ந்ததும் வாங்கவில்லையாம். தீர்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் சனிக்கிழமைகள் நன்றாக நடந்துகொண்டிருந்தன, உடம்பு இளைத்தது, ஆடை தளர்ந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். இனி மருந்து எதற்கு என்று விட்டிருக்கிறாள். அவளை இளைக்கவைத்தது சாப்பாடு மட்டுமல்ல, நோய்தான் உள்ளேயிருந்து அவளைத் தின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இடது கண்ணில் அறுவை செய்தார்கள். வலது கண்ணில் லேசர் வைத்தார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் திரும்பின. வலது கண் பிழைத்தது, ஆனால் அதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. நிர்வாகம் அவளை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மறுபடியும் நாசி கண்டார் கடைக்குப் போகவேண்டும் என்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கவனித்துவிட்டு, பேசாமல் வெண்டைக்காயை அள்ளினார். அவள் தட்டில் இடது பக்கம் இருந்த மீனை விட்டுவிட்டுச் சாப்பிட்டாள். நான் தட்டைத் திருப்பி வைத்தேன்.

"வெண்டைக்காய் மேல பழி போடாத அக்கா," என்றாள். "அது என்னை நல்லாத்தான் பார்த்துக்கிச்சு. நான்தான் எல்லா வேலையையும் அது தலையில கட்டிட்டேன்."

விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டபோது எலும்புகள்தான் குத்தின. சுண்ணாம்பு டப்பா ஒன்றும் ஒரு பை வெந்தயமும் கொடுத்தனுப்பினேன். உள்ளே போகும்போது கதவின் ஓரத்தில் இடது தோள் இடித்தது. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள். எனக்குச் சனிக்கிழமைக் காலை ஆகும்போது அவளுக்கு வெள்ளிக்கிழமை மாலை. வீடியோவில் கூப்பிடுவாள். ஊசி போட்டாயா என்று நான் கேட்பேன், செருப்புப் போட்டிருக்கிறாயா என்று அவள் கேட்பாள். பிறகு என்ன சமைத்தோம் என்று பேசுவோம். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மரத்துப்போன இடம் குதிகாலிலிருந்து கணுக்காலை நோக்கி நகர்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அந்த நூலை வைத்துப் பார்க்கிறார்கள். போன முறை கொஞ்சம் நகர்ந்திருந்தது.

சென்ற வாரம் கூப்பிட்டபோது அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். தெருமுனைக் கடைக்குத் தங்கையோடு போய் மீன் வாங்கி வந்ததாகவும், கள்ளி சேர்த்துத் தானே சமைத்ததாகவும், எண்ணெய் ஒரு சொட்டுத்தான் விட்டதாகவும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"பாரு அக்கா, நிறத்தைப் பாரு. எப்படி இருக்கு?"

படத்தில் நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு தெரிந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை. தட்டைக் காட்டுவதாக நினைத்து அவள் அந்த வெற்று விரிப்பைக் காட்டியபடியே, தக்காளியை எப்போது போட்டாள் என்று விவரித்துக்கொண்டிருந்தாள்.

பிழைத்திருந்த அந்த வலது கண்ணை நினைத்தேன். என் கணவர் காப்பிக் கோப்பையோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது," என்றேன். "போனைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பு."

திருப்பினாள். விரிப்பின் ஓரம் நகர்ந்து தட்டு உள்ளே வந்தது. மீன், கள்ளி, ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். "உன் தங்கச்சி பக்கத்துல இருக்காளா? அவகிட்ட போனைக் கொடு."